குளக்கரையிற் கற்ற பாடம்

யாழ்ப்பாணத்திலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஓடும் நீர் ஓர் அதிசயம். எமது குடாநாட்டில் ஆறு என்று பெயர் சொல்வதற்கு வழுக்கையாறு உண்டு. அதுவும் மாரி மழையோடு ஓடி, மழை போனபின் வற்றிவிடும். தொண்டைமானாறு என்பது பெயரளவில்தான் ஆறு. உண்மையில் அது கடல்நீரேரி. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். பெய்கின்ற மழையை அது உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். எம் முன்னோர் அந்நீரைத் துலா மிதித்து இறைத்தனர். நாம் கப்பியால் இழுத்து அள்ளினோம். இப்போது இயந்திரம் இறைக்கின்றது. எவ்விதமாயினும் நீர்தான் எம்மிடம் வந்ததேயன்றி, நாம் நீரினுள் இறங்கிப் பழகியவர்களல்லர். கீரிமலைக் கேணியில் நீராடியிருக்கிறோம் என்று சிலர் சொல்லலாம். அங்கே படியுண்டு, சுவருண்டு, பார்த்துக்கொள்ள நாலு பெரியவர்களும் இருப்பார்கள்.

இத்தகைய நாங்கள் ஆனையிறவைத் தாண்டித் தெற்கே போனால் எப்படியிருக்கும்! பரந்தன் கழிந்து கிளிநொச்சி வந்துவிட்டாலே காற்றின் மணம் மாறுகிறது. வன்னி குளங்களின் நாடு. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன் என்று பெயர்பெற்ற குளங்கள் ஒருபுறமிருக்க, ஊருக்கொன்றாய்ச் சிறு குளங்கள் எண்ணற்றவை. இரணைமடுவின் வேலை தொடங்கியது 1902ஆம் ஆண்டில். அது அண்மைக் காலத்துப் பிள்ளை. சிறு குளங்கள் பலவோ எவர் கட்டியவை என்று சொல்ல ஆளில்லாத பழமையுடையன. அணைக்கட்டின் மேல் ஏறி நின்று ஒருபுறம் நீரையும் மறுபுறம் நெல்வயலையும் பார்க்கும்போது, எங்களூரார் முகத்தில் தோன்றும் மலர்ச்சியைச் சொல்லி முடியாது. அம்மலர்ச்சியே எங்களுக்கு ஆபத்துமாகின்றது. இதை நான் அறிந்துகொண்ட விதத்தை வாசகர்களுக்குச் சொல்லவேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

2013ஆம் ஆண்டு ஆவணி மாதம். பாடசாலை விடுமுறை. என் தமக்கையார் குடும்பமும் எங்கள் குடும்பமுமாகப் பதினொரு பேர் ஒரு வான் பிடித்துப் புறப்பட்டோம். புளிச்சாதம், கட்டுச்சம்பல், வாழைக்குலை, ஒரு பெரிய குடத்தில் மோர், எல்லாம் ஏற்றியாயிற்று. ஆனால் எங்கே போவதென்று மட்டும் ஒருவரும் தீர்மானிக்கவில்லை. "போகிற இடத்தில் ஊர்ச்சனத்தைக் கேட்போம், அவர்களுக்குத் தெரியாத நல்ல இடமா?" என்றார் அத்தான். அது சரியான யோசனைதான்.

வன்னியின் நடுப்பகுதியில் ஒரு தேநீர்க்கடையடியில் வானை நிறுத்தினோம். வாசலில் மிதிவண்டியைச் சாத்திவிட்டு ஒரு முதியவர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். வயது எழுபது இருக்கும். வண்டியோடு நீளமான கொக்கத்தடி ஒன்று கட்டியிருந்தது. ஆட்டுக்குக் குழை முறிக்கப் போகிறாராம். "அப்பு, பிள்ளைகளோடு இருந்து சாப்பிட்டுக் குளித்துவிட்டுப் போக, இங்கே நல்ல இடம் எது?" என்று கேட்டேன். அவர் என்னையும் வானையும் உள்ளேயிருந்த பிள்ளைகளையும் பார்த்தார். பின்பு, "வாருங்கோ, நான் காட்டிறன்" என்று மிதிவண்டியை எடுத்தார். நாங்கள் பின்னால் மெல்ல ஊர்ந்தோம்.

அந்தக் குளத்தின் பெயரை இங்கு எழுதப் போவதில்லை. எழுதினால், அந்த ஒரு குளத்தில்தான் ஆபத்து, மற்றவற்றில் இல்லை என்று யாரேனும் எண்ணக்கூடும்.

அணைக்கட்டின் ஒரு கோடியிலே நாலைந்து மருதமரங்கள். வெண்மையான அடிமரங்களோடு நீரை நோக்கிச் சாய்ந்து நின்றன. கீழே மணற்பாங்கான கரை. ஆவணியாதலால் குளத்தில் நீர் அரைவாசிக்குக் குறைவு. எனினும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை அமைதியாகப் பரந்து கிடந்தது. தூரத்தில் எருமைகள் மூக்கை மாத்திரம் வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருந்தன. "நான் சின்னனிலை இருந்து குளிக்கிற இடம். உந்த மரத்துக்குக் கீழை இருந்தால் மத்தியானத்திலையும் வெய்யில் தெரியாது" என்றார் முதியவர். தம் வீட்டை ஒருவருக்குக் காட்டுவதுபோல அத்தனை பெருமிதம் அவர் குரலில் இருந்தது.

பின்பு கையை நீட்டிக் காட்டிச் சொன்னார்: "இதிலையிருந்து அந்தப் பட்ட மரம் மட்டும் இறங்குங்கோ. கட்டோரமாய்த் துருசடிப் பக்கம் மட்டும் போகாதேங்கோ, தம்பி. கட்டுக்கு மண் வெட்டின கிடங்குகள் தண்ணிக்குள்ளை கிடக்கு. மேலாலை பார்த்தால் எல்லாம் ஒண்டு போலத்தான் தெரியும்."

நான் தலையசைத்தேன். "சரி அப்பு" என்றும் சொன்னேன். அவர் வண்டியைத் திருப்பினார். நான் பிள்ளைகளைப் பார்த்துக் கூவினேன்: "அருமையான இடம்! இறங்குங்கள்!"

நான் சொன்னது அவ்வளவுதான்.

ஏன் மற்றதைச் சொல்லவில்லையென்று பிற்பாடு எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். வஞ்சகமில்லை, அசட்டையென்றும் முற்றாகச் சொல்லமுடியாது. சாப்பாட்டுப் பெட்டியை இறக்கவேண்டியிருந்தது. பாய் விரிக்க இடம் பார்க்கவேண்டியிருந்தது. மகிழ்ச்சியான நேரத்தில் "போகாதே" என்ற சொல்லை எடுக்க மனம் ஒப்பவில்லை. சற்றுப் பொறுத்துச் சொல்லலாம் என்றிருந்தேன்.

தமக்கையாரின் மகனுக்கு அப்போது வயது பதினான்கு. கட்டோரமாக, முழங்காலளவு நீரில், ஓர் அல்லிப் பூவைப் பறிக்க நடந்து போனான். அவனுடைய தாயாருக்குத்தான் அந்தப் பூ. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நடந்துகொண்டிருந்தவன் அடுத்த அடியில் இல்லை. கூச்சலில்லை, நீர் தெறிக்கவில்லை. படியொன்று தவறினாற்போல உள்ளே போய்விட்டான். ஒருமுறை கை மேலே வந்தது.

தமக்கையார் அலறியது இன்றும் என் காதில் இருக்கின்றது. நான் ஓடினேன். எனக்கு நீந்தத் தெரியாது; அத்தானுக்கும் தெரியாது. எனினும் இருவரும் குதிக்கவே ஓடினோம். "குதியாதேங்கோ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் அதட்டியது. முதியவர் கட்டின்மேல் மிதிவண்டியை எறிந்துவிட்டு ஓடிவந்தார். அந்த வயதில் அப்படியொரு ஓட்டம்! கையில் கொக்கத்தடி. கட்டின் கற்களிலே குப்புறப் படுத்து, என்னைத் தம் கால்களைப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தடியை நீட்டினார். முதன்முறை பையனின் கைக்கு அது அகப்படவில்லை. இரண்டாம் முறை அகப்பட்டது. இழுத்தோம்.

பையன் நிறைய நீர் குடித்திருந்தான். இருமினான், வாந்தியெடுத்தான், அழுதான். அவன் அழுதது எங்களுக்கு உயிர் வந்ததுபோலிருந்தது. "அழுகிறான் எண்டு விட்டிடாதேங்கோ, நெஞ்சுக்குள்ளை தண்ணி போயிருந்தால் பிறகும் வருத்தும். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ" என்றார் முதியவர். அவ்வாறே கொண்டுபோனோம். ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் காலையில் நலமாக அனுப்பினார்கள்.

வானில் ஏறுமுன் அம்முதியவர் என்னைத் தனியே அழைத்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏசவில்லை. "தம்பி, நான் சொன்னதைப் பிள்ளையளுக்குச் சொன்னனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். நான் தலைகுனிந்து நின்றேன்.

அடுத்த ஆண்டு, பையனையும் கூட்டிக்கொண்டு, அவருக்கு ஒரு வேட்டியும் சால்வையும் எடுத்துக்கொண்டு போனோம். அன்று அவர் வீட்டுத் திண்ணையில் இருந்து கதைத்தபோதுதான் அவர் பேச்சின் வழக்கம் எனக்கு விளங்கியது. போரினால் இடம்பெயர்ந்த அவருடைய குடும்பம், 2009இல் போர் முடிந்து அடுத்த ஆண்டுதான் ஊருக்கு மீண்டதாம். காணியெங்கும் காடு; வரம்பு தெரியாது, பாதை தெரியாது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நட்டிருந்தனவாம். மிதிவெடி அகற்றியவர்கள் கோடிட்டுக் காட்டிய வழியாலேயே நடந்தார்களாம். "அப்ப ஒருதருக்கொருதர் வழி சொல்லேக்கை, இஞ்சாலை போ எண்டு மட்டும் சொல்லமாட்டம். அங்காலை போகாதை எண்டதையும் சொல்லுவம். அதைச் சொல்லாட்டி வழி சொன்னதாய்க் கணக்கில்லை" என்றார்.

ஓர் ஊரவன் தனக்குப் பிடித்த இடத்தைப் பிறனுக்குக் காட்டும்போது இரண்டு பொருளை ஒன்றாகக் கொடுக்கிறான். ஒன்று அவ்விடத்தின் அழகு. மற்றது அவ்விடத்தில் நடந்துகொள்ளும் முறை. முதலாவதை வாங்கிக்கொண்டு இரண்டாவதை அங்கேயே விட்டுவருவது நம்மவரின் வழக்கமாகிவிட்டது. அன்றுமுதல் எங்கே போனாலும் இரண்டையும் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினேன். அப்படிக் கேட்டபோது, மற்ற ஊர்களிலும் மக்கள் அவ்வாறே சொல்லுகிறார்கள் என்பதைக் கண்டேன்.

மட்டக்களப்பில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது, வாவியில் மீன்பாடும் ஓசையைக் கேட்க ஆசைப்பட்டேன். கல்லடியில் 2013இல் திறந்த புதிய பாலத்தின் அருகே பழைய இரும்புப் பாலமும் இருக்கின்றது. அப்பகுதியிலேதான் அவ்வோசை கேட்கும் என்பது வழிவழி வந்த பேச்சு. ஒரு தோணிக்காரரைக் கேட்டேன். "இண்டைக்கு வேணாம். நிலவு முழுசா இருக்கிற ராவில வாங்க. காத்து எழும்ப முந்தி வரணும். தோணிக்குள்ள எழும்பி நிக்கக் கூடாது, கதைக்கவும் கூடாது" என்றார். பூரணையன்று போனோம். நடு வாவியில் துடுப்பை நிறுத்தி, அதன் ஓர் அந்தத்தை நீரில் விட்டு, மற்ற அந்தத்தைக் காதில் வைக்கச் சொன்னார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு யாழின் நரம்பை எங்கோ தூரத்தில் ஒருவர் தொட்டுவிட்டு விட்டாற்போல ஒரு மெல்லிய அதிர்வு. அது மீனோ, சிப்பியோ, வேறெதுவோ, ஆராய்ச்சியாளர் சொல்லட்டும். தோணிக்காரர் சொன்ன முறைப்படி பேசாமல் இருந்ததனால் எனக்கு அது கேட்டது. அவருடைய "கூடாது" என்ற சொற்களை விட்டிருந்தால் அந்த இன்பமும் இல்லை.

மலைநாட்டிலும் இதே பாடம். கண்டியிலிருந்து நுவரெலியா வரையில், தேயிலைத் தோட்டங்களுக்கூடாகவும் காட்டுக்கூடாகவும் 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் நடைபாதையொன்றை இப்போது 22 பகுதிகளாக வகுத்துப் பெக்கோ பாதை என்று அழைக்கிறார்கள். உலகின் பல நாட்டவரும் வந்து நடக்கிறார்கள். அதன் ஒரு சிறு பகுதியில் நானும் மனைவியும் நடந்தோம். ஒரு திருப்பத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மையாரிடம், "இந்தப் பக்கத்தில் உங்களுக்குப் பிடித்த இடம் எது?" என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியொரு கேள்வியை அவரிடம் முன்பு எவரும் கேட்டதில்லை போலும். சற்று யோசித்து, "அந்த மேல் வளைவுல ஒரு பாறை இருக்கு சார். காலையில அங்க நின்னா பணிய உள்ள லயம், கோயில், ஆறு எல்லாம் தெரியும். நான் பிரட்டுக்குப் போறப்போ ஒரு நிமிசம் நின்னு பாத்துட்டுத்தான் போவேன்" என்றார். உடனே தொடர்ந்தார்: "கொழுந்து நிறுக்கிற நேரம் பாதையில நிக்காதீங்க, நாங்க தலையில சுமையோட வருவோம். அட்டைக்கு உப்பு வச்சுக்குங்க. ஆத்துல எறங்குனா தண்ணியப் பாத்துக்கிட்டே இருங்க. கலங்கி, சருகு மெதந்து வந்துச்சுன்னா மேல மழைன்னு அர்த்தம், ஒடனே ஏறிடணும்."

அந்தப் பாறையில் நின்று பார்த்தோம். அவர் சொன்ன யாவும் தெரிந்தன. எங்களுக்கு உல்லாச நடையாகிய அப்பாதை, அவருக்கு நாள்தோறும் சுமையோடு நடக்கும் வேலைப்பாதை. அதை அவர் முறையாக எடுத்துச் சொல்லியிராவிட்டால், நாங்கள் பாதை நடுவே நின்று படம் பிடித்து அவருக்கே இடைஞ்சலாகியிருப்போம்.

ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்களுக்கும் அவ்வூர்ப் பக்கத்தார் இரண்டு சொல்வார்கள். ஒன்று, விடியற்காலையிலே போய்விடுங்கள். ஒன்பது, பத்து மணியானால் மூடுபனி எழும்பி உலக முடிவின் பள்ளத்தாக்கை மறைத்துவிடும். மற்றது, பொலித்தீன் பையைக் கொண்டுபோகாதீர்கள். அவ்விடம் 1988இல் தேசிய வனமாக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. மகாவலி, களனி, வளவை ஆகிய நதிகளுக்கு நீர் கொடுக்கும் மலை அது. அங்கே நாம் எறியும் ஒரு பையை மரையொன்று உணவென்றெண்ணி விழுங்கக்கூடும். நாம் அழுக்காக்கும் ஓடை எத்தனையோ ஊர்களின் குடிநீராகின்றது. வாசலிலே பைகளைச் சோதிக்கும்போது நம்மிற் சிலர் முணுமுணுப்பதைக் கண்டிருக்கிறேன். அது முணுமுணுக்கவேண்டிய காரியமன்று.

இக்காலத்தில் நல்ல இடங்களை அறிவது வெகு சுலபம். ஒருவர் கைத்தொலைபேசியில் ஒரு படம் அனுப்பினால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே பத்து வான்கள் நிற்கின்றன. படத்தில் மருதமரம் தெரிகிறது, நீர் தெரிகிறது, சிரிக்கும் முகங்கள் தெரிகின்றன. நீருக்குள் இருக்கும் கிடங்கு படத்தில் விழாது. அதைச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அவர் சொல்வதைக் கேட்க நமக்குப் பொறுமையும் வேண்டும்.

ஆகையால் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிய நீர்நிலைக்குப் போனால் இறங்குமுன் அவ்வூர்ப் பெரியவர் ஒருவரைத் தேடுங்கள். எங்கே இறங்கலாம், எங்கே இறங்கக்கூடாது, ஆழம் எப்படி, முதலை உண்டா, மேலே மழை பெய்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். கேட்டதை உடன்வந்த எல்லாருக்கும், மிகச் சிறிய பிள்ளைக்கும், உடனே சொல்லுங்கள். ஒருவர் ஆழத்தில் அகப்பட்டால் நீந்தத் தெரியாதவர் குதிக்கலாகாது. தடியோ, கயிறோ, சேலையோ எது கிடைக்கிறதோ அதைக் கரையில் படுத்துக்கொண்டு நீட்டுங்கள். நீச்சல் பழக வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். எனக்கு அது கிடைக்கவில்லை என்ற குறை இன்றும் உண்டு.

பெற்றோருக்கும் ஒன்று சொல்லுவேன். பயத்தினால் பிள்ளைகளை வீட்டிலே பூட்டிவைக்காதீர்கள். அந்த நிகழ்ச்சிக்குப் பின் என் தமக்கையார் குளத்துப் பக்கமே போகக்கூடாதென்று சில காலம் பிடிவாதமாயிருந்தார். அவரை மாற்றியவரும் அம்முதியவரே. "குளம் என்ன செய்தது, பிள்ளை? குளம் தன்ரை இடத்திலைதானே கிடந்தது" என்றார்.

முதியவர் இப்போது இல்லை. மருதமரங்கள் இருக்கின்றன. சென்ற விடுமுறையில் மீண்டும் அங்கே போனோம். பூப்பறிக்கப் போன பையன் இன்று வேலைபார்க்கும் இளைஞன், நீச்சலும் பழகிவிட்டான். வான் நின்றதும் எங்கள் வீட்டுச் சிறுவர்கள் கதவைத் திறந்துகொண்டு ஓடப் பார்த்தார்கள். அவன் முன்னே போய் நின்று எல்லாரையும் மறித்தான். சாப்பாட்டுப் பெட்டி இறக்கவில்லை, பாய் விரிக்கவில்லை. முதலிலே கையை நீட்டித் துருசடியைக் காட்டினான். "அங்காலை ஒருவரும் போகக்கூடாது, ஏனெண்டு சொல்லிறன், இருந்து கேளுங்கோ" என்றான்.

பிள்ளைகள் இருந்து கேட்டார்கள். அதன்பிறகு குளித்தார்கள்.